சித்திரக்கதையும் குணச்சித்திரமும்: பெயர் போடாத ஓவியர்கள் திரைக்கு வந்த வழி

கேள்வி

சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட ஒரு காலத்தில் கடையில் காகிதம் வாங்கியதில்லை. அச்சாபீஸ் வேஸ்ட் ஷீட் இருந்தது. மெஷினில் மையும் அழுத்தமும் சரிப்படும் வரை ஓடவிடும் தாள்கள் அவை. ஒரே தாளை இரண்டு மூன்று வேலைகளுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். என் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் அட்டையில் முருகன் முகத்தின்மேல் ஒரு வெடிப்பெட்டி லேபிள் ஏறியிருந்தது. அதன்மேல் ஏதோ ஒரு சித்திரக்கதை அட்டையின் துப்பாக்கிக்காரன். அவன் தொப்பியும் முருகன் கிரீடமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருந்தன. இருவருக்கும் ஒரே மூக்கு. அந்த மூக்கு இரண்டு தெய்வாதீனங்களின் ஒற்றுமை அல்ல, ஒரே வட்டாரத்துக் கைப்பழக்கம் என்று பிடிபட எனக்கு வெகுகாலம் ஆனது.

படங்களால் சொல்லப்படும் கதையைத் தமிழில் சித்திரக்கதை என்கிறோம். நாயகனாக இல்லாமல், ஓர் அப்பாவாக, கணக்குப்பிள்ளையாக, ஊர்ப் பெரியவராக வந்து காட்சியைத் தாங்குகிறவரைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். இரண்டு சொல்லுக்குள்ளும் ‘சித்திரம்’ உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல்லொற்றுமையை வைத்துக்கொண்டு வரலாறு எழுதிவிட முடியாது. ஆனால் அது ஒரு கேள்வியைக் கேட்க வைக்கிறது. ஓவியர் ஒருவர் குணச்சித்திர நடிகராகத் திரைக்கு வரும்போது அவர் தொழில் மாறுகிறாரா, செய்துவந்த தொழிலையே வேறு பொருளில் தொடர்கிறாரா?

இக்கட்டுரை அந்தக் கேள்வியை விருதுநகர்–சிவகாசி அச்சு வட்டாரத்தில் நின்றுகொண்டு கேட்கிறது. வழக்குக்கு எடுத்துக்கொள்ளும் வாழ்க்கைகள் முக்கியமாக இரண்டு: ஓவியர் வீர சந்தானம், நடிகர் பாண்டு. இருவரும் இந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள் அல்லர். இருந்தாலும் இவர்கள் வாழ்க்கையின் ஒரு முடிச்சை அவிழ்க்கச் சிவகாசியின் லேபிளும் காலண்டரும் காமிக்ஸும் உதவுகின்றன என்பது என் எண்ணம்.

வழக்கில் இருக்கும் இரண்டு விளக்கங்கள்

ஓவியர்–நடிகர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் இரண்டு விதமாக எழுதுவது வழக்கம். முதலாவது ‘பல்கலை வித்தகர்’ விளக்கம். வரைவார், நடிப்பார், பேசுவார், எல்லாம் செய்வார் என்று அடுக்கிவிட்டு வணங்கிவிடுவது. அஞ்சலிக் குறிப்புகளுக்கு இது வசதி. ஒரு திறமை இன்னொன்றாக எப்படி உருமாறியது என்பதை இது கேட்பதேயில்லை.

இரண்டாவது வயிற்றுப்பாட்டு விளக்கம். ஓவியம் சோறு போடவில்லை, சினிமா போட்டது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாண்டு நடிக்க வந்தபிறகும் பெயர்ப்பலகைத் தொழிலை விடவில்லை. அவருடைய ‘கேப்பிட்டல் லெட்டர்ஸ்’ நிறுவனம் நடிப்போடு சேர்ந்தே நடந்தது. வீர சந்தானம் ‘சந்தியா ராகம்’ படத்துக்குப் பிறகும் முழுநேர நடிகராகிவிடவில்லை, கடைசிவரை வரைந்துகொண்டிருந்தார். சோற்றுக்காக மட்டும் தாண்டியவர்கள் பழைய கரையை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு விளக்கங்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. ‘ஓவியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் போட்டுக் கட்டிவிடுகின்றன. கண்காட்சிக்கு இயற்கைக் காட்சி வரைகிறவரும், தீப்பெட்டிப் படம் வரைகிறவரும், காமிக்ஸ் அட்டை வரைகிறவரும் ஒரே வேலை செய்பவர்கள் அல்லர். அவர்கள் நடிக்க வந்தால் வருகிற வழியும் ஒன்றாக இருக்காது.

விருதுநகர்: கோடு போட்ட முதுமை

ஓவியரிடம் போவதற்கு முன் ஒரு நடிகரைப் பார்த்துவிடலாம். வி. கே. ராமசாமி விருதுநகர்க்காரர், 1926இல் பிறந்தவர். மேடை நாடகத்திலிருந்து வந்து, 1947இல் ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் அறுபது வயதுக் கிழவராக நடித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதற்குப்பின் 2002இல் இறக்கும்வரை தமிழ்த் திரை அவரைப் பெரும்பாலும் வயசாளியாகவே வைத்துக்கொண்டது. உண்மையிலேயே வயதானபோது அவர் செய்ய வேண்டியிருந்தது மேக்கப்பைக் குறைத்துக்கொள்வது மட்டும்தான்.

இருபத்தொரு வயது முகத்தில் அறுபது வயதை வரவழைப்பது முதலில் ஓவிய வேலை. மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை ஒரு கோடு, நெற்றியில் மூன்று கோடு, கன்னத்தில் ஒரு நிழல், தலைக்கு வெள்ளை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமென்பதால் மேடை ஒப்பனைக்காரர் மென்மையாக வரைய மாட்டார். கோடு கோடாகவே வரைவார். காமிக்ஸ் ஓவியரும் அதையேதான் செய்கிறார். விரற்கடை அகலக் கட்டத்துக்குள் ஒரு முகம் சிறிதாக வரும்போது, அது யார், நல்லவனா கெட்டவனா, வயது என்ன என்பது இரண்டு மூன்று கோட்டில் தெரிந்தாக வேண்டும். அடுத்த கட்டத்தில் அவன் திரும்பி நின்றாலும் ஆள் மாறக்கூடாது.

ஒரே பார்வையில் அடையாளம், எத்தனை முறை வந்தாலும் அதே ஆள். குணச்சித்திரத்தின் இலக்கணம் இவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன். அடித்தளம் இதுதான். ராமசாமியின் இழுத்துப் பேசும் குரல் அந்த அடித்தளத்தின்மேல் அவரே கட்டிய மாடி.

சிவகாசி: முகம் அச்சாகும் இடம்

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். மழை பொய்க்கும் கரிசல் பூமி, வறண்ட காற்று, மருந்து உலர ஏற்ற வெயில் என்று காரணங்களையும் அடுக்குவார்கள். ஆனால் தீப்பெட்டி வெறும் பெட்டியாக விற்காது. அதற்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கு அதைவிடப் பெரிய, பளிச்சென்ற லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரம் காலண்டர் அடித்தது, டைரி அடித்தது, கட்சிச் சுவரொட்டி அடித்தது. கடைசியில் காமிக்ஸும் அடித்தது. பட்டாசின் பின்னால் வந்த அச்சுத்தொழில் பட்டாசைப் போலவே ஊரின் அடையாளமாகிவிட்டது.

லேபிள் என்ற பொருளைச் சற்று உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கடையில் போய்க் ‘குருவி வெடி கொடுங்க’, ‘லட்சுமி வெடி கொடுங்க’ என்று கேட்பதற்கு வழி செய்தது அந்தப் படம். குருவி ஆண்டுக்கு ஆண்டு வேறு மாதிரி இருந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஓவியரின் கற்பனை எவ்வளவு பெரியது என்று வியாபாரி கேட்பதில்லை; போன வருஷத்துக் குருவி மாதிரியே இருக்கிறதா என்றுதான் கேட்பார். லித்தோ காலத்தில் இந்தக் குருவியை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கையால் பிரித்து வரைந்தார்கள். மஞ்சளுக்கு ஒரு வரைவு, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் ‘ரிஜிஸ்டர் அவுட்’. லட்சுமிக்கு உதடு ஒருபக்கமும் உதட்டுச் சிவப்பு ஒருபக்கமுமாக நிற்கும். இப்படி ஒரு முகத்தை நான்காகப் பிரித்து நான்கையும் சேர்த்துப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, முகம் என்பது ஓர் ஆளின் சொந்தப் பொருளாகத் தெரியாது. எடுத்து வைக்கக்கூடிய, கலைத்துச் சேர்க்கக்கூடிய உறுப்புகளாகவே தெரியும்.

இந்த மரபில் மேடைக்கும் அச்சுக்கும் இடையே நடந்த போக்குவரத்துக்கு உறுதியான சான்று சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், சிறிது காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக ஊர் ஊராகத் திரிந்தவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோனது. ராஜு அங்கேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுவதும் சுவர்களில் ஏறின. கனடா ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் இந்தக் கோவில்பட்டிக் கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். காலண்டர் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராஜா ரவிவர்மாவிலிருந்து ஒரு கோடு இழுத்து ராஜுவிடம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சரிதான், ஆனால் அந்தக் கோடு நாடகக் கொட்டகை வழியாகத்தான் வருகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காலண்டர் தெய்வங்கள் நிற்கும் நிலையைப் பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் திரும்பினாலும் முகம் நம்மைப் பார்க்கிறது. பின்னால் தூண், அதற்குப் பின்னால் மலை, அருவி. அது கைலாயம் என்பதைவிட நாடகக் கொட்டகைப் படுதா என்பதே பொருத்தம். தெய்வங்கள் ராஜபார்ட்டுகளைப் போல் மேடையின் முன்விளிம்புக்கு வந்து நிற்கின்றன.

ராஜு மேடையிலிருந்து தாளுக்கு வந்தார். நாம் தேடுகிறவர்கள் தாளிலிருந்து திரைக்குப் போனார்கள். திசை எதிரானாலும் பாதை ஒன்று. அதில் நடந்தவர்கள் சுமந்தது பாத்திரத்தின் முகத்தை. தங்கள் முகத்தை அல்ல.

கை தெரியும், ஆள் தெரியாது

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. சௌந்திரபாண்டியன் தொடங்கிய அந்த வெளியீட்டின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அவர் மகன் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் தொடங்கியது. பட்டாசுக் கட்டுகள் லாரியேறும் ஊரிலிருந்தே லண்டன், பிரான்ஸ், இத்தாலிக் கதைகளும் தமிழில் கட்டுகளாகப் புறப்பட்டன.

மாயாவியின் கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஆய்வகத்தில் வலக்கை இழந்த ஒருவனுக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது; மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுவதும் மறைந்துபோய் அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962இல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த இந்தத் தொடரை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. மாயாவியைத் தெரிந்த தமிழ் வாசகர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். பிளாஸ்கோவின் பெயரைத் தெரிந்தவர்கள் வெகுசிலர். இதற்குத் தமிழ்ப் பதிப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து லண்டன் ஃப்ளீட்வே நிறுவனமே ஓவியர் பெயரைப் போடவில்லை. பக்கத்தின் மூலையில் ஓவியர் கையெழுத்திட்டிருந்தால் வெள்ளை பூசி மறைப்பதும் அங்கே வழக்கம். பிரிட்டிஷ் வாரக் காமிக்ஸில் ஓவியர், எழுத்தாளர் பெயரை முறையாக அச்சிடும் வழக்கம் 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழுக்குப் பிறகே நிலைபெற்றது. கை மட்டும் தெரிந்து ஆள் மறைந்துபோகும் கதையை வரைந்தவருக்கும் நேர்ந்தது அதுவே.

சிவகாசியில் அந்தப் பக்கங்களின்மேல் வேலை செய்த உள்ளூர் ஓவியரின் நிலை இன்னும் ஒரு படி கீழே. ஆங்கில எழுத்தை அகற்றிய பலூனுக்குள் தமிழ் வசனம் அடங்க வேண்டும். தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும். பலூனைப் பெரிதாக்கினால் பின்னாலிருக்கும் மனிதனின் காது போகும். காதை மீண்டும் வரைய வேண்டும், அதுவும் பிளாஸ்கோவின் காது மாதிரியே. வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கண்ணில் படாது. அட்டைப்படத்தில்தான் உள்ளூர்க் கைக்குக் கொஞ்சம் சுதந்திரம். கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்றை எடுத்து, காலண்டர் வண்ணத்தில், சினிமா பேனர் கோணத்தில் பெரிதாக்குவார்கள். வெள்ளைக்காரத் துப்பறிவாளனின் தாடை அங்கே தமிழ்ப்பட வில்லனின் தாடையாகிவிடும். நோட்டு அட்டையில் நான் பார்த்த மூக்கு இப்படி வந்ததுதான்.

இந்த அட்டைகளைக் கலை நயமற்றவை என்று சிலர் ஒதுக்குவதுண்டு. அந்தத் தாடையில்தான் ஒரு மொழிபெயர்ப்பு நடந்திருக்கிறது என்பது என் கட்சி. முகத்தைத் தமிழாக்கியவர் பெயரில்லாமல் போனார்; வசனத்தைத் தமிழாக்கியவரை வாசகர்கள் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள்.

அடையாளம் உருவாக்குவதில் தேர்ந்த ஓவியர், அந்தத் தேர்ச்சி கூடக்கூடத் தன் அடையாளத்தை இழக்கிறார். இங்கிருந்து திரையைப் பார்த்தால் அது வேறொன்றாகத் தெரிகிறது. திரையில் டைட்டில் கார்டு உண்டு. ஒரே ஒரு காட்சியில் வந்து போகிறவருக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கலாம். ஓவியர் நடிக்கப் போவதில் சோற்றுக் கணக்கு இருக்கலாம், புகழாசை இருக்கலாம். அவற்றோடு, ஒரு முகத்தை உருவாக்கிவிட்டு அதன் கீழே பெயர் போட்டுக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கிறது.

பாண்டு: இரண்டு இலைகளும் ஒரு வாயும்

இந்தக் கருதுகோளுக்கு வலுவான சான்று பாண்டு. நடிகர் இடிச்சபுளி செல்வராஜின் சகோதரர். 1980களின் தொடக்கத்தில் திரைக்கு வந்தவர். 2021 மே 6 அன்று கொரோனாவால் இறந்தபோது செய்தித்தாள்கள் ‘நகைச்சுவை நடிகர் பாண்டு’ என்றே தலைப்பிட்டன. உள்ளே, ஒரு பத்தி தள்ளி, அவர் ஓவியர் என்பதும் அ.தி.மு.க. கொடியையும் இரட்டை இலையையும் வரைந்தவர் என்பதும் இருந்தது.

அந்த ஒரு பத்தியைக் கொஞ்சம் சோதிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் கட்சி தொடங்கினார். அவசரமாகக் கொடி வேண்டியிருந்தபோது அண்ணா உருவத்துடன் அதை வரைந்து கொடுத்ததைப் பாண்டுவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சின்னத்தின் கதை சற்றுச் சிக்கலானது. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் கட்சியின் முதல் வேட்பாளராக நின்று வென்றவர் மாயத்தேவர். தேர்தல் அலுவலர் காட்டிய சின்னங்களிலிருந்து இரட்டை இலையைத் தேர்ந்தது தானே என்று அவர் சொல்லிவந்தார். தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் இருந்த ஒரு சின்னத்தை ஒருவர் ‘உருவாக்கினார்’ என்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டு கூற்றும் மோதுவதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியலில் இருப்பது ஒரு பொருளின் பெயரும் ஒரு சிறு படமும். அதை ஐந்தடி அகலச் சுவரில் சுண்ணாம்பும் பச்சையும் வைத்து அரைமணி நேரத்தில் யாரும் எழுதிவிடக்கூடிய, தூரத்திலிருந்து யாரும் படித்துவிடக்கூடிய வடிவமாக்குவது வேறு வேலை. முதலாவது மாயத்தேவரின் தேர்வு. இரண்டாவது ஓவியரின் வேலை; சிவகாசி லேபிள்காரர் குருவிக்குச் செய்த அதே வேலை. 1977இல் எம்.ஜி.ஆர். இந்த மாவட்டத்து அருப்புக்கோட்டையில் நின்று வென்றார். அப்போது இந்த வட்டாரச் சுவர்களில் எத்தனை பேர் அந்த இலைகளை எழுதியிருப்பார்கள்! ஒரு சுவரிலும் வடிவமைத்தவர் பெயர் இருந்திருக்காது, இருக்கவும் கூடாது. பெயரைத் தின்றுவிட்டுத்தான் சின்னம் வளரும்.

இப்போது பாண்டுவின் நடிப்பைப் பார்க்கலாம். கன்னத்தை ஆட்டி, வாயைக் கோணிக்கொண்டு, வார்த்தையை மென்று மென்று வெளியே விடுவார். ‘காதல் கோட்டை’ (1996) போன்ற படங்களில் சில நிமிடங்களே வந்தாலும், யார் வந்தார் என்று பார்த்தவருக்குத் தெரியும். நடிப்பில் ஆழமில்லை, எல்லாப் படத்திலும் ஒரே சேட்டை என்று விமரிசனம் உண்டு. அந்த விமரிசனம் அவரை நாடக நடிகராக எண்ணி அளக்கிறது. அவரைப் பெயர்ப்பலகைக்காரராக எண்ணி அளந்தால் கணக்கு மாறும். பித்தளையில் வெட்டிய எழுத்து ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரி இருப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பாண்டு தன் முகத்தையே ஓர் எழுத்துருவாக வெட்டி வைத்துக்கொண்டார். அது பெரிய நடிப்பா என்பது வேறு விவாதம். அது ஓவியக்காரர் புத்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வீர சந்தானம்: பாவையிலிருந்து ஆளுக்கு

வீர சந்தானம் (1947–2017) கும்பகோணத்தை ஒட்டிய உப்பிலியப்பன் கோவிலைச் சேர்ந்தவர். தோல்பாவைக் கூத்தின் வடிவங்களைத் தன் கோட்டுக்குள் கொண்டுவந்தவர். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அந்தக் கோடு நெருக்கமானது. பெரிய கண், பக்கவாட்டு முகம், உடலெங்கும் துளையிட்டதுபோன்ற அணிமணி. தோல்பாவையும் ஒருவகைச் சித்திரக்கதைதான். வெள்ளைத் திரையே கட்டம். பின்னாலிருந்து பேசுகிறவரின் குரலே பலூன். பாவையாட்டி ஒருவரே அத்தனை பாத்திரமும் பேசுவார், ஆனால் பார்வையாளர் கண்ணில் படமாட்டார். இங்கும் கைதான், ஆள் இல்லை.

சந்தானம் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். கைத்தறிக்கு வடிவம் வரையும் அந்த வேலையிலும் பெயர் கிடையாது. சேலையின் முந்தானையில் யாரும் கையெழுத்திடுவதில்லை. ஒரு புறம் தன் பெயரில் கண்காட்சி ஓவியம், மறுபுறம் பெயரில்லாத நெசவு வடிவம் என்று இரண்டு உலகிலும் அவர் கால் வைத்திருந்தார்.

1989இல் பாலு மகேந்திரா அவரைச் ‘சந்தியா ராகம்’ படத்துக்கு அழைத்தார். தூர்தர்ஷனுக்காகக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட படம். மனைவியை இழந்த முதியவராகச் சொக்கலிங்க பாகவதர், கிராமத்திலிருந்து அவர் வந்து தங்கும் சென்னை ஒண்டுக்குடித்தனத்தின் இளம் கணவராகச் சந்தானம், மனைவியாக அர்ச்சனா. குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

பாண்டுவைப் போல் இங்கே சேட்டை எதுவும் இல்லை. பாவையின் பெரிய கண்ணை வரைந்தவர், தன் கண்ணை அந்தப் படத்தில் சிறிதாக்கிக்கொண்டிருக்கிறார். வருமானம் போதாத வீட்டில் இன்னொரு வாய் வந்து சேரும்போது, வேண்டாமென்றும் சொல்ல முடியாமல் வாருங்கள் என்றும் முழு மனதோடு சொல்ல முடியாமல் நிற்கும் ஆண்களின் தோள் எப்படி இருக்குமோ அப்படியிருக்கிறது அவர் தோள். தாடியும் கலைந்த தலையுமான அந்த உருவத்தைப் பாலு மகேந்திரா ஒளிப்பதிவாளர் கண்ணோடு தேர்ந்திருக்கிறார். நடிப்பின் பெருமை பாதி அவருக்குப் போகும். மிச்சப் பாதி சந்தானத்துக்கு. தோள் எந்தக் கோணத்தில் சரிந்தால் என்ன அர்த்தம் என்பதைப் பாவை வரைந்த கை உடலுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

2017 ஜூலை 13 அன்று அவர் இறந்தார். ஈழ ஆதரவும், தஞ்சை விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றத்துக்கு அவர் செய்த பணியும் அஞ்சலிகளில் முன்னே வந்தன. பெயருக்கு முன்னால் ‘ஓவியர்’ என்றே எழுதினார்கள். பாண்டுவுக்கு ‘நடிகர்’, சந்தானத்துக்கு ‘ஓவியர்’. கண்காட்சி உலகில் முன்பே பெயர் இருந்தவருக்குத் திரை புதிதாகப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தொலைவிலிருந்து ஒரு சாட்சி

சந்தானம் இறந்த இரண்டாம் நாள், ஜூலை 15 அன்று, அமெரிக்காவில் மார்ட்டின் லேண்டோ காலமானார். தற்செயல்தான், ஆனால் வாழ்க்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தூண்டும் தற்செயல். நியூயார்க்கின் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழில் பதின்ம வயதில் ஓவியராகச் சேர்ந்தவர் லேண்டோ. ‘தி கம்ப்ஸ்’ என்ற நகைச்சுவைச் சித்திரத்தொடரில் கஸ் எட்சனுக்கு உதவியாக வரைந்தார். தொடர் வெளியானது எட்சன் பெயரில். அதன் நாயகன் ஆண்டி கம்புக்கு மோவாயே கிடையாது. கீழுதட்டுக்குக் கீழே ஒரு கோட்டை விட்டுவிட்டால் ஆண்டி வந்துவிடுவார். இருபத்திரண்டாம் வயதில் வேலையை விட்டு நடிக்கப் போன லேண்டோ, ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடரில் நினைத்தவர் முகத்தைப் போட்டுக்கொள்ளும் மாறுவேடக்காரனாகப் பெயர் பெற்றார். ‘எட் வுட்’ (1994) படத்தில் பழைய டிராகுலா நடிகர் பேலா லுகோசியாகவே மாறி, சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். பிறர் பெயரில் வரைந்தவர், பிறர் முகத்தில் நடித்துத் தன் பெயரை மீட்டார்.

இடிக்கும் சான்றுகள்

எல்லாம் இவ்வளவு பொருந்தி வந்தால் சந்தேகப்பட வேண்டும். முதலில் இடிப்பவர் சிவகுமார். சென்னை ஓவியக் கல்லூரி மாணவர், தேர்ந்த நீர்வண்ண ஓவியர். 1965இல் ‘காக்கும் கரங்கள்’ மூலம் திரைக்கு வந்தார். நாயகனாகவே நெடுங்காலம் நடித்தார். வகைமுகம் வரையும் பழக்கம் நடிப்பாக மாறியது என்ற என் வாதம் அவருக்குப் பொருந்தாது. அவர் வரைந்தவை கோயில்கள், ஊர்கள், தன் முன்னே உட்கார்ந்த மனிதர்கள். தொடக்கத்தில் சொன்ன வேறுபாடு இங்கே தேவைப்படுகிறது. ‘ஓவியர்’ என்ற சொல்லைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் சிவகுமார் என் வாதத்தை உடைப்பார். பிரித்தால் அவர் வேறு வழிக்காரர்.

இரண்டாவதாக, தங்கள் பெயரிலேயே தொடர் வரைந்தவர்கள் திரைக்கு வந்தபோது நடிகர்களாக வரவில்லை. ‘மாத்ருபூமி’யில் சித்திரத்தொடர் வரைந்த ஜி. அரவிந்தன் மலையாளத்தின் பெரும் இயக்குநரானார். தெலுங்கில் பாபு இயக்குநரானார். தமிழில் கார்ட்டூனிஸ்ட்டாக இருந்த சிம்புதேவன் இயக்குநராகி, 2010இல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ என்று முத்து–லயன் காமிக்ஸ் வாசகர்களின் பால்யத்துக்கே ஒரு கௌபாய் படம் எடுத்தார். முத்து காமிக்ஸ் பிறந்த அதே 1972இல்தான் ஜெய்சங்கர் ‘கங்கா’வில் கௌபாய் தொப்பி போட்டார் என்பது அந்தப் படத்தைப் பார்க்கையில் நினைவுக்கு வரும். கையெழுத்துள்ள ஓவியர் காமிராவுக்குப் பின்னால் போகிறார், கையெழுத்தில்லாத ஓவியர் முன்னால் வருகிறார் என்று ஒரு விதி சொல்லத் தோன்றுகிறது. ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு விதி சொல்வது துணிச்சல். சந்தானமே இந்த விதிக்குள் பாதிதான் அடங்குகிறார். ஊகமாக மட்டும் பதிவு செய்கிறேன்.

மூன்றாவது இடி என் மையக் கருத்தின்மேலேயே விழுகிறது. திரை பெயர் தருகிறது என்றேன். குணச்சித்திர நடிகருக்கு உண்மையில் தருகிறதா? தியேட்டரை விட்டு வெளியே வரும் கூட்டத்தில் ‘அந்த அப்பாவா வர்றவர்’, ‘அந்த வாய் கோணிக்கிட்டுப் பேசுறவர்’ என்றுதான் பேச்சு நடக்கிறது. டைட்டில் கார்டு ஓடும்போது ஜனங்கள் இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். ஓவியர் தப்பித்து வந்த அநாமதேயம் இங்கேயும் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே மறக்கப்படுவது பெயர் மட்டும். முகம் தெருவில் நடந்து போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிவகாசி அட்டைப்பட ஓவியர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் மாயாவி ரசிகருக்குத் தெரியாது.

அந்த நோட்டு அட்டையை வெகுநாள் வைத்திருந்தேன். ஆடிப்பெருக்கு சமயத்தில் சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பதுண்டு. வெட்டாத தாள் என்பதால் ஓரத்தில் கட்டிங் குறிகள் அப்படியே இருந்தன. துப்பாக்கிக்காரனின் பூட்ஸுக்கு அருகில், குறிக்கு வெளியே, பொடி எழுத்தில் தூரிகையால் போட்ட ஒரு கையெழுத்து. முதலெழுத்து ‘மு’வா ‘மூ’வா என்று சொல்ல முடியவில்லை. அதன்மேல் வெடி லேபிளின் சிவப்பு ஏறியிருந்தது.